ஸ்டேஷனிலிருந்து எத்தனை படி?

குன்னூரில் வீடு தேடுகிறவர்கள் முதலில் வாடகை எவ்வளவு என்று கேட்பார்கள். அப்புறம் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். மலையில் நாலு வருஷம் குடியிருந்தவர்கள் மட்டும் வேறொரு கேள்வியில் தொடங்குவார்கள்: பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை படி?

நான் அதைக் கேட்காமலே ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வாடகை குறைவு. ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம். குடிவந்த மறுநாள் எண்ணிப் பார்த்தேன், ரோட்டிலிருந்து கீழே வீட்டுக்கு 140 படி. படிக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் 21 மீட்டர் உயரம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஏழாவது மாடியில் குடியிருப்பதும் இதுவும் ஒன்றுதான். கேஸ் சிலிண்டரை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அங்கிருந்து வீட்டுக்குத் தூக்கி வரத் தனிக் கூலி, அரிசி மூட்டைக்குத் தனிக் கூலி. அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளெல்லாம் படியேறி ரோட்டுக்கு வருவதற்கே அரை மணி நேரம், அதற்கு மேல் ஆட்டோ. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூடுதல் வாடகை கொடுத்தே இருந்திருக்கலாம் என்று தெரிந்தது.

குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டுப்படியாகிறதா என்பது வாடகையை மட்டும் பார்த்தால் தெரியாது. வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரத் திட்டமிடலில் இந்தக் கணக்கை அடித்தளமாக வைத்து ஒரு முறை வளர்ந்திருக்கிறது. ரயில் நிலையம், பஸ் நிலையம் ஏதாவது ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, நடக்கிற தூரத்துக்குள் வீடு, கடை, பள்ளி, மருந்துக்கடை எல்லாம் வரும்படி ஒரு புறநகரை அமைப்பது. 'டிரான்ஸிட் ஓரியண்டட் டெவலப்மென்ட்' என்பது இதன் பெயர். திட்ட அலுவலகங்களில் டி.ஓ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் நிலையக் குடியிருப்பு என்றே எழுதுகிறேன். பீட்டர் கால்தார்ப் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1990-களில் இதைப் பரவலாகப் பேசவைத்தார். நம் மத்திய அரசும் 2017-ல் இதற்கென்று ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது.

பெயர்தான் புதிது. ஜப்பானில் 1910-லேயே இச்சிசோ கொபயாஷி என்பவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். ஒசாகாவிலிருந்து மலையடிவாரத்தை நோக்கி அவர் போட்ட ரயில் பாதையில் அப்போது வயல்களும் சிற்றூர்களும்தான். ஏறுவதற்கு ஆள் வேண்டுமே? பாதையோரம் நிலத்தை வாங்கி, இகெடா என்ற ஊரில் வீடுகள் கட்டி, மாதச் சம்பளக்காரர்களுக்குத் தவணையில் விற்றார். வீடு வாங்கியவர்கள் ரயிலின் பயணிகள் ஆனார்கள், ரயில் இருந்ததால் வீட்டுக்கு மதிப்பு வந்தது. இங்கேயும் 1931-ல் சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னர்தான் அந்தத் தடத்து ஊர்கள் ஒவ்வொன்றாகப் பெருத்தன.

நீலகிரியில் இதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899-ல். அது ஊட்டிவரை நீண்டது 1908-ல். இடையில் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. இன்றைக்கும் அருவங்காட்டில் இறங்கிப் பாருங்கள். ஆலை, தொழிலாளர் குவார்ட்டர்ஸ், ஸ்டேஷன், ஊட்டி ரோடு பஸ் ஸ்டாப் எல்லாம் மலையின் ஒரே மடிப்புக்குள் இருக்கின்றன. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தே வேலைக்குப் போகலாம். யாரும் டி.ஓ.டி. என்று பெயர் வைத்துக் கட்டியது கிடையாது. ஆலைக்கு ஆட்கள் நேரத்துக்கு வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மலையில் வட்டம் அவரைக்காய் ஆகும்

பாடப் புத்தகத்தில் நிலையக் குடியிருப்பை விளக்கும்போது ஒரு வட்டம் போடுவார்கள். நடுவில் நிலையம், ஆரம் 800 மீட்டர். சாதாரண நடையில் பத்து நிமிஷம். அந்த வட்டத்துக்குள் சுமார் 200 ஹெக்டேர் நிலம் அடங்கும். சமவெளியில் இது சரி. இந்த வட்டத்தை அப்படியே குன்னூர் வரைபடத்தின் மேல் வைத்தால் ஏமாந்துபோவோம்.

1892-ல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிஷம் கூடுதல். அவ்வளவு எளிய கணக்கு. ஆனால் இதைப் போட்டுப் பார்த்தால் வட்டம் கலைந்துவிடும். சமமட்டத்தில் பத்து நிமிஷத்தில் 800 மீட்டர் போகிறவர், 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் 490 மீட்டர்தான் போவார். 6 அடிக்கு ஓர் அடி என்றால் சுமார் 350 மீட்டர். இறக்கத்தில் வேகமாகப் போகலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் திரும்பி வர வேண்டும். மலையில் ஒருவர் வீட்டிலிருந்து போய் வருகிற வழியில் ஏதோ ஒரு பாதி ஏற்றமாகத்தான் இருக்கும்.

ஆகவே, பத்து நிமிஷத்தில் போகக்கூடிய இடங்களையெல்லாம் ஒரு கோட்டால் சேர்த்தால் வட்டம் வராது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் இரண்டு பக்கமும் நீண்டு, மேலும் கீழும் ஒடுங்கிய ஓர் அவரைக்காய்தான் வரும். நீளம் 1,600 மீட்டர், அகலம் 700 மீட்டர் என்று வைத்தால் பரப்பு 90 ஹெக்டேருக்கும் குறைவு. வட்டத்தில் பாதிகூட இல்லை. அதிலும் ஓடை, சதுப்பு, சோலை, செங்குத்துச் சரிவு, விளைகிற காய்கறித் தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கட்டுவதற்கு 20 ஹெக்டேர் கிடைத்தால் நல்லது. ஹெக்டேருக்கு 50 வீடு என்றால் ஆயிரம் குடும்பம். ஒரு பஸ் தடத்தை உயிரோடு வைத்திருக்க அது நல்ல தொடக்கம்.

இந்த அவரைக்காய் கணக்கை ஒருவர் புரிந்துகொண்டால் மலையில் நிலையக் குடியிருப்பு என்பதில் பாதி புரிந்த மாதிரி. எதை எங்கே வைப்பது என்று அதுவே சொல்லிவிடும். நிலையத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கிற நிலம்தான் ஊரிலேயே விலைமதிப்பானது. அங்கே வர வேண்டியவை ரேஷன் கடை, ஆரம்பப் பள்ளி, மருத்துவமனை, வயசானவர்கள் இருக்கிற வீடுகள். வாகன நிறுத்தத்துக்கோ ஹோட்டலுக்கோ அதைக் கொடுப்பது பெரிய அநியாயம். மேலே, கீழே இருக்கிற வரிசைகள் இளம் குடும்பங்களுக்கு.

மலை ரயிலே இதற்கு வழிகாட்டி வைத்திருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவே இருக்கிற பல்வரிசையைப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறுகிற வண்டி, குன்னூரைத் தாண்டியதும் பல்சக்கரம் இல்லாமலே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் பாதை போட்டவர்கள் ஏற்றம் குறைந்த கோட்டைத் தேடிக் கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மக்கள் தண்டவாளத்திலேயே நடக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான். பக்கத்தில் அவ்வளவு சமமான வேறு வழி இல்லை. தண்டவாளத்தில் நடப்பது ஆபத்து, சட்டப்படி தப்பும்கூட. வேலி போட்டு, அதற்கு வெளியே தண்டவாளத்தோடு ஒட்டியே ஒரு நடைபாதை அமைத்தால் குடியிருப்பின் முதுகெலும்பே அதுதான்.

படியும் தண்ணீரும்

அடுத்தது படி. மலையூரில் படிக்கட்டுதான் தெரு. அதை வேண்டாவெறுப்பாகப் போட்ட சிமெண்ட் மேடாக விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல வீடு கட்டினாலும் பிரயோஜனமில்லை.

நல்ல படிக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 65 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். 15 உயரம், 30 அகலம் என்றால் சரியாக 60. இதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. எங்கள் 140 படியில் நடுவே ஒன்று மட்டும் நாலு விரல் உயரம் கூடுதல். பனி மூட்டத்தில் அந்த இடத்தில் தடுக்காத ஆளே கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி அதற்கு முந்தின படியில் நின்று, கூட வருகிற எல்லோரிடமும் சொல்வார்: "பாத்து வா கண்ணு, இங்க ஒண்ணு மோசம் பண்ணும்." பத்துப் பன்னிரண்டு படிக்கு ஒரு திட்டு, அதில் கூடையை இறக்கி வைக்க இடுப்புயரத்தில் ஒரு கல்மேடை, ஒரு பக்கமாவது கைப்பிடி. பாட்டிக்கு வேண்டியது இவ்வளவுதான். பழைய காலத்தில் நம் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் சாய்தளம் வேண்டும். அதற்கு அனுமதிக்கப்படுகிற அதிகபட்சச் சரிவு 12-க்கு 1. இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் மலை ரயில் பல்சக்கரத்தால் பிடித்துக்கொண்டு ஏறுகிற மிகச் செங்குத்தான இடத்திலும் சரிவு ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு நீராவி இன்ஜினுக்கு உச்சபட்சம் என்று வைத்த ஏற்றம், நாற்காலியில் இருக்கிற ஒரு மனிதரின் கைகளுக்கும் உச்சபட்சம். அப்படியானால் சாய்தளத்தை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது என்பது கண்கூடு. அதனால்தான் நிலைய மட்டத்து நிலத்தை முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

படிக்குப் பக்கத்தில் வாய்க்கால் இல்லை என்றால் முதல் மழையிலேயே படியே வாய்க்கால் ஆகிவிடும். குன்னூர் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழை இங்கே பலமாக அடிக்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் மண் சரிந்ததில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீர் போகிற வழியை அடைத்து வீடு கட்டக் கூடாது, சரிவை நேராக வெட்டி அதன் அடியில் வீடு கட்டக் கூடாது. இவை இரண்டும் அழகு, விலை, வசதி எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற விதிகள். வரைபடத்தில் முதலில் ஓடைகளைக் குறித்து, அவற்றைத் தொடாமல்தான் மற்ற எல்லாவற்றையும் வரைய வேண்டும்.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. சாயங்காலம் படியேறும்போது வளைவில் காட்டெருமை நிற்கும். இரண்டு பக்கமும் உயரமான சுவர் எழுப்பிய சந்தாக இருந்தால் நமக்கும் ஒதுங்க இடமில்லை, அதற்கும் இல்லை. பாதை அகலமாகவும், முப்பது அடி முன்னால் பார்க்கும்படியும், விளக்கு வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். சமவெளித் திட்டப் புத்தகங்களில் இந்தப் பாடம் இருக்காது.

வீடு எப்படி இருக்கட்டும்

இங்கே ஹெக்டேருக்கு 50 வீடு என்றதும் அடுக்குமாடி நினைவுக்கு வரலாம். தேவையில்லை. நீலகிரியில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஒரு ஹட்டியை, அதாவது இங்குள்ள படுகர் மக்களின் ஊரைப் பாருங்கள். வீடுகள் வரிசையாக, பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும், முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம். பக்கச் சுவர் பொது என்பதால் கட்டுமானச் செலவு குறையும், குளிர்காலத்தில் வீடு கதகதப்பாக இருக்கும், தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே நீளத்தில் போய்விடும். குழந்தைகள் முற்றத்தில் விளையாடும்போது ஐந்தாறு வீட்டுக் கண்கள் அவர்கள்மேல் இருக்கும். கேரட் கழுவுவதும், துணி காயப்போடுவதும், சாவுக்குப் பந்தல் போடுவதும் அங்கேதான். அழகு என்று நான் நினைப்பது இதைத்தான். ஒரே மாதிரி சாயமடித்த வில்லாக்களைக் கேட்டுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி வைப்பதை அழகு என்று ஒத்துக்கொள்ள என்னால் முடியாது.

வீட்டு விலையைக் குறைக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, பலருக்கு அது பிடிக்காது: வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தம் என்ற கட்டாயத்தை எடுத்துவிடுவது. ஒரு கார் நிற்க 12 சதுர மீட்டர் போதும். ஆனால் அது உள்ளே வந்து திரும்புகிற இடத்தையும் சேர்த்தால் 25 சதுர மீட்டர் ஆகிவிடும். பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2015-ல் தொடங்கியபோது ஏழைக் குடும்பத்துக்கான வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர்வரை என்று வைத்தார்கள். ஒரு காருக்கு ஒதுக்குவது கிட்டத்தட்ட ஒரு குடும்பத்தின் வீடு! மலையில் இந்த இடம் சும்மாவும் கிடைக்காது. மூன்றுக்கு ஒன்று சரிவில், 10 மீட்டர் ஆழத்துக்குச் சமதளம் வேண்டுமானால் பின்னால் மூன்று மீட்டருக்கு மேல் மண்ணை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் தடுப்புச்சுவர், சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்காமல் வடிகுழாய். அந்தச் செலவெல்லாம் வீட்டு விலையில் ஏறும். வண்டி வைத்திருப்பவர்களுக்கு ரோட்டோரம் பொதுவாக ஒரு நிறுத்தம் கட்டி, வாடகை வாங்கிக்கொள்ளலாம். வண்டி இல்லாதவர் தலையில் அந்தச் செலவு விழாமல் இருந்தால் போதும்.

அப்புறம் நிலம். நிலையம் வருகிறது, நல்ல பஸ் வருகிறது என்று செய்தி வந்தாலே பக்கத்து நிலத்தின் விலை ஏறிவிடும். யாருக்காகத் திட்டம் போட்டோமோ அவர்களால் அங்கே வாங்க முடியாமல் போகும். இதற்குக் கொபயாஷி செய்ததுதான் மருந்து: அறிவிப்புக்கு முன்னாலேயே நிலம் கையில் இருக்க வேண்டும். அவர் லாபத்துக்காகச் செய்தார், நம் ஊரில் அரசோ உள்ளாட்சியோ குடியிருப்பவர்களுக்காகச் செய்யலாம். வீட்டை விற்காமல் நீண்டகால வாடகைக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

நீலகிரியில் இதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு சின்ன வீடு என்றால், அடுத்த சீசனுக்குள் அது ஹோம்ஸ்டே ஆகிவிடும். ஆசிரியரும் நர்ஸும் காய்கறிக் கடைக்காரரும் இருக்க வேண்டிய வீட்டில் சனி, ஞாயிறு மட்டும் விளக்கு எரியும். விளக்கு எரியாத தெருவில் கடை நடக்காது, பயணிகள் இல்லாத பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். அதனால், இந்த வீடுகளில் வருஷம் முழுக்கக் குடியிருப்பவர்கள்தான் இருக்கலாம் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். வாய்மொழி ஒப்பந்தம் இரண்டு சீசன்கூடத் தாங்காது.

எந்த வண்டியை நம்பி?

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. மலை ரயிலை எனக்கு உயிராகப் பிடிக்கும். 2005-லிருந்து அது யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்னம். ஆனால் காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, 46 கிலோமீட்டரைக் கடந்து நண்பகல் வாக்கில் ஊட்டி சேர்கிற வண்டியை நம்பி யாரும் வேலைக்குப் போக முடியாது. குன்னூர்–ஊட்டி இடையிலும் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தான். நிலையக் குடியிருப்பு உயிரோடு இருக்க, அட்டவணையைப் பார்க்காமல் போய் நின்றால் கால் மணி நேரத்துக்குள் வண்டி வர வேண்டும். நீலகிரியில் அதைச் செய்யக்கூடியது இன்றைக்கு அரசு பஸ் மட்டும்தான்.

ஆகவே நிலையம் என்றால் ரயிலும் பஸ்ஸும் ஒரே கூரையின் கீழ் சேர்கிற இடம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். குன்னூரில் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில்தான். அருவங்காட்டிலும் ஊட்டி ரோடு கூப்பிடு தூரம். இடையில் இருக்கிற கொஞ்ச தூரத்துக்கு மழை படாத கூரை, உட்கார பெஞ்ச், சுத்தமான கழிப்பறை, ஒரு டீக்கடை. கொலம்பியாவில் மெடயின் நகரம் 2004-லிருந்து மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் ஓட்டுகிறது. அது மெட்ரோ ரயில் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதால்தான் வேலைக்குப் போகிறவர்கள் அதில் ஏறுகிறார்கள். நமக்குக் கேபிள் கார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேல் வரிசைகளுக்கு ஒரு மினி பஸ், பெரிய பஸ் வருகிற நேரத்துக்கு ஒத்துப்போகும்படி ஓடினாலே போதும்.

வரிசையும் முக்கியம். முதலில் பஸ், அப்புறம் வீடு. முதல் பத்துக் குடும்பம் குடிவரும் நாளில் பஸ் ஓடிக்கொண்டிருந்தால் அவர்கள் வண்டி வாங்க மாட்டார்கள். ஆறு மாசம் தாமதித்தால் ஆளுக்கொரு ஸ்கூட்டர் வந்துவிடும். அதன் பின் பஸ் விட்டாலும் ஏற ஆள் இருக்காது.

அருவங்காட்டிலோ கேத்தியிலோ வீடு பார்க்கிறவர்கள், எத்தனை படி என்று கேட்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுவிடுங்கள். குன்னூர் மார்க்கெட்டில் ஒன்பது மணிக்குக் கடையை எடுத்து வைக்கிறவருக்கு எட்டரை மணிக் கடைசி பஸ்ஸால் ஒரு உபயோகமும் இல்லை.